எட்டும் ஒன்பதும்

பதினொன்று. சரியாக இருக்கிறது. இனி எண்ணக் கூடாது. எனக்கு முன்னால் பதினொரு மஞ்சள் மழைக்கோட்டு, கடைசியில் நான், ஆகப் பன்னிரண்டு. காலை நான்கு மணிக்கு மதுரையில் கிளம்பியபோதும் பன்னிரண்டு, இப்போதும் பன்னிரண்டு, பிறகு எதற்கு இந்த மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது? மழை மேலிருந்து விழவில்லை. எதிரே இடப்பக்கமிருந்து படுக்கையாக வந்து காதுக்குள் புகுகிறது. கண்ணாடியைத் துடைக்க ஒரு கையை எடுத்தால் போதும், காற்று சைக்கிளைப் பிடித்து நடுரோட்டுக்குத் தள்ளுகிறது, பின்னால் வரும் சுற்றுலா வேன்காரன் ஹாரனிலேயே என் குடும்பத்தை விசாரிக்கிறான். உச்சிப்புளி தாண்டியாகிவிட்டது. பாம்பன் பாலத்துக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். காற்று இப்படியே ஏறினால் ஐந்து மணிக்கு மேல் எந்த வண்டியையும் பாலத்தில் விட மாட்டார்கள் என்று ராமநாதபுரம் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இப்போது மணி மூன்று ஐந்து. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகிறோம். பதினெட்டு வகுத்தல் பன்னிரண்டு, ஒன்றரை. நாலு முப்பத்தைந்து. போய்விடலாம். இயற்பியல் வாத்தியாருக்கு இந்தக் கணக்குக்கூடவா வராது, போய்விடலாம். போன வருடம் பரமக்குடியில் முழங்கால் வீங்கி, எங்கள் சைக்கிள் குழுவோடு கூடவே வரும் வேனில் ஏறினேன். அதற்கு முந்தின வருடம் ராமநாதபுரத்தில் வாந்தி எடுத்து வேனில் ஏறினேன். இரண்டு தடவையும் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கழுத்தை அறுத்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா மட்டும், "சோணைமுத்து சாரு ராமேஸ்வரம் போகாமலே தீர்த்தமாடிட்டு வந்துட்டாரு" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பு இன்னும் தாடையில் வலிக்கிறது. இந்த வருடம் வேனும் இல்லை. பைகளை ஏற்றிக்கொண்டு பாலம் அடைபடும் முன்னே போகட்டும் என்று எங்கள் குழுத் தலைவி தாமரை அதை ராமேஸ்வரத்துக்கு அனுப்பிவிட்டாள். மிதி. வலது முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை கூப்பிடுகிறது, காதில் போட்டுக்கொள்ளாதே, மிதி.

ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தால் மட்டும் எங்கள் குழுவில் முடித்ததாகாது. அங்கே நின்று தாமரை "வரிசை!" என்று குரல் கொடுப்பாள். ஒன்று, இரண்டு என்று அவரவர் எண்ணை அவரவர் வாயால் சொல்ல வேண்டும், பன்னிரண்டு வந்து விழுந்தால்தான் பயணம் முடிந்தது. வழியில் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் அதே கதைதான். வரிசை முடியாமல் ஒரு சக்கரம் உருளக் கூடாது, தாமரையின் சட்டம். என்னிடம் பிளஸ் டூ படித்தவள், இன்று சொந்தமாகச் சைக்கிள் கடை வைத்து, தலை நரைத்த எங்களை எல்லாம் மேய்க்கிறாள். அவள் ஒன்று. உதுமான் எட்டு. நான் ஒன்பது. கல்லூரி வருகைப் பதிவேட்டிலும் அவன் பெயருக்குப் பின்னாலேயே என் பெயர் வந்துகொண்டிருந்தது, முப்பது வருடமாகியும் எண் மாறவில்லையே மாப்ள என்று அவன்தான் முதல் நாள் கண்டுபிடித்துச் சொன்னான். இதோ, எனக்கு நேர் முன்னால் போகிறானே, இவன்தான் உதுமானாக இருக்க வேண்டும். முதுகைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. எல்லா முதுகும் அப்படித்தான் இருக்கிறது. ஒரே கடையில் ஒரே நிறத்தில் பன்னிரண்டு கோட்டு எடுத்தால் தள்ளுபடி என்று தாமரை எடுத்துவிட்டாள், குல்லாயைப் போட்டு இழுத்துக் கட்டினால் யார் வங்கி மேனேஜர், யார் மின்வாரியத்து உதுமான் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. உதுமான்தான். "டேய்" என்று கத்துகிறேன், காற்று அதை என் வாய்க்குள்ளேயே திருப்பி அடைக்கிறது. அவன் திரும்பவில்லை. அந்தக் கோட்டு இடப்பக்கம் ஒதுங்குகிறது. நிற்கப் போகிறானா, காலில் சுளுக்கா? சாலையை விட்டு இறங்குகிறது. பனைகளுக்கு நடுவே மண் பாதை, ஒரு முள்வேலிக் கதவு. கதவைச் சக்கரத்தாலேயே தள்ளித் திறந்துகொண்டு அந்தக் கோட்டு உள்ளே போகிறது, ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது. கேரியரில் கட்டியிருந்தது மீன் பெட்டி.

பத்து. மறுபடி எண்ணு. பத்து. வளைவில் மறைந்திருப்பான், வளைவு நிமிரட்டும், எண்ணு. சாலை கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது, பத்துதான். மீன்காரர் எங்கிருந்து சேர்ந்துகொண்டார், உச்சிப்புளியிலா? அதற்கு முன்னால் நான் எண்ணவே இல்லையா? ராமநாதபுரத்தில் வரிசை சொன்னோம். பன்னிரண்டு வந்தது. எட்டு வந்தது. என் காதால் கேட்டேன். கேட்டேனா? டீக்கடை ஓலைக் கொட்டகைக்குக் கீழே எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றோம், தாமரை கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "வரிசை! சீக்கிரம்!" என்றாள். ஒன்று. இரண்டு. ஐந்து. ஏழு. அப்புறம் ஒரு இடைவெளி. மழைச் சத்தம். அந்த இடைவெளிக்குள் ஒரு குரல் எட்டு என்றது, மெல்லிசாக, மூக்கால். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் குரல். கல்லூரியில் காலை முதல் வகுப்புக்கு உதுமான் ஒரு நாளும் எழுந்து வந்ததில்லை, அவனுக்காக நான் வைத்திருந்த குரல் அது. புள்ளியியல் பேராசிரியர் தலையைத் தூக்காமல் பெயர் படிப்பார், நான் மோவாயை நெஞ்சில் புதைத்துக்கொண்டு மூக்கால் "உள்ளேன் ஐயா" என்பேன், அடுத்த பெயர் என்னுடையது, நிமிர்ந்து என் சொந்தக் குரலில் இன்னொரு உள்ளேன் ஐயா. மூன்று வருடம். ப்ராக்ஸி கொடுப்பதில் எங்கள் வகுப்பிலேயே என்னை அடிக்க ஆள் கிடையாது. ராமநாதபுரத்தில் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வாய் தானாகத் திறந்துவிட்டது, மோவாய் தானாகக் குனிந்துவிட்டது. அவன் கடைக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பான், வந்துவிடுவான், பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்வான், இதற்கு ஏன் எல்லோரையும் நிறுத்த வேண்டும் என்று. அவ்வளவுதான் நினைத்தேன். அவ்வளவுகூட நினைக்கவில்லை.

வந்திருப்பான். ஒருவேளை எல்லோருக்கும் முன்னால் போய்விட்டானோ, குளிருகிறது என்று முன்கூட்டியே மிதித்துவிட்டானோ, இப்போது மண்டபத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டு என்னைக் கேலி பண்ணக் காத்திருக்கிறானோ. போன் போட்டால் தெரிந்துவிடும். ஒரு காலை ஊன்றி நிற்கிறேன், பாலித்தீன் உறையைப் பல்லால் கடித்துப் பிரிக்கிறேன், ஈர விரலுக்குத் திரை அசையவே மாட்டேன் என்கிறது, எதையோ தொட்டால் எங்கள் தெரு சமையல் கேஸ் ஏஜென்சிக்குப் போகிறது, "சொல்லுங்க சார், புக்கிங்கா?" என்று ஒரு பெண் கேட்கிறாள், வேண்டாம்மா. மறுபடி. இந்தத் தடவை உதுமான். மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. அதற்குள் பத்துக் கோட்டும் எட்டிப் போய்விட்டன, ஏறி மிதி. மண்டபம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். அங்கே போனால் ஒரு ஆட்டோவை அனுப்பலாம். பெரிய மனிதன், ஐம்பத்திரண்டு வயது, கம்பத்தில் ஏறி மின்சாரத்தோடு விளையாடியவன், மழையில் கரைந்தா போய்விடுவான்? குனிந்து மிதிக்கும்போது முதுகுப் பையில் ஏதோ விலாவைக் குத்துகிறது. காலையிலிருந்தே குத்துகிறது. என்ன அது? கையைப் பின்னால் விட்டுத் தடவுகிறேன். கடலை மிட்டாய். குளுக்கோஸ் பொட்டலம். இது என்னுடையது இல்லை. பரமக்குடியில், "உன் பையில போட்டுக்க மாப்ள, என் ஜிப்பு வாயப் பொளந்துருச்சு" என்று அவன் கொடுத்தது. அவன் இன்சுலின் போடுகிறவன். மணிக்கு ஒரு தடவை வாயில் ஏதாவது போட வேண்டியவன். அவன் உயிர் என் முதுகில் குத்திக்கொண்டு வருகிறது, நான் பதினெட்டைப் பன்னிரண்டால் வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் மனைவி ஜொகரா என்ன சொன்னாள்? நேற்றுச் சாயங்காலம் வாசல் வரை வந்து சொன்னாள். "அண்ணே, இவரு உம்முன்னு இருந்தா, காரணமில்லாம வள்ளுன்னு விழுந்தா, அது கோவம்னு நெனச்சிராதீங்க. சுகர் எறங்குதுன்னு அர்த்தம். பேச்சே வேணாம், வாயில இனிப்பத் திணிச்சிருங்க." நான் பாத்துக்கிறேம்மா என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரிகிறதே. ராமநாதபுரத்தில் அவன் பெஞ்சில் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஜ்ஜி வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். "போடா அங்கிட்டு, எனக்கு ஒரு மயிரும் வேணாம்" என்றான், நாலு பேர் பார்க்க. முப்பது வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை அவன் என்னைச் சொன்னதில்லை. எனக்குச் சுருக்கென்றது. சரிதான் போடா என்று நகர்ந்து போய் அந்தப் பஜ்ஜியையும் நானே தின்றேன். அவன் எங்கே போனான் என்று திரும்பிப் பார்க்கவில்லை, ரோஷம். சட்டை தோளில் நனைந்திருந்தது, மழை என்று நினைத்தேன், கொட்டகைக்குள் நிற்கிறவனுக்கு ஏது மழை, வியர்வை. இயற்பியல் வாத்தியார்! ரோஷம் மட்டுமா? உண்மையைச் சொல், இங்கே யாரும் கேட்கவில்லை, காற்றுதான் இருக்கிறது. ஏழுக்குப் பிறகு அந்த இடைவெளி வந்ததே, அப்போது வாய் தானாகத் திறக்கவில்லை. அப்போது பாலம் தெரிந்தது. எட்டு எங்கே என்று தாமரை தேட ஆரம்பித்தால் பத்து நிமிடம் போகும், கால் மணி போகும், பாலம் அடைபடும், மூன்றாவது வருடமும் தீர்த்தமாடித் திரும்புவேன். நான்தான் திறந்தேன். பழக்கம் இல்லை, அவசரம். இவனுக்குப் போய். என் அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது இருபத்திரண்டு நாள் நான் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. வருகை குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். இருபத்திரண்டு நாளும் விடியற்காலை எழுந்து, எழவே எழாதவன் எழுந்து, முதல் வகுப்புக்குப் போய் உட்கார்ந்து எனக்காக உள்ளேன் ஐயா சொன்னான். அப்பா போன அன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் சுடுகாட்டுக்கு வந்தான். அந்த உள்ளேன் ஐயாவில்தான் நான் வாத்தியார்.

"நிறுத்துங்க!" கேட்கவில்லை. எழுந்து நின்று மிதிக்கிறேன், முழங்கால் போனால் போகட்டும், பத்தாவது கோட்டைத் தாண்டுகிறேன், ஒன்பதாவது, எட்டாவது, ஒவ்வொரு குல்லாய்க்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன், இன்னும்கூட ஒரு நப்பாசை, எவனாவது உதுமானாக இருந்துவிட மாட்டானா. இல்லை. முன்னால் போகிற தாமரைக்குக் குறுக்கே கொண்டுபோய்ச் சைக்கிளை நிறுத்துகிறேன். அவள் பிரேக் கிறீச்சிடுகிறது. "சார்! பாலம் அடைச்சிருவாங்க சார், என்ன?" என்கிறாள். உதுமான் இல்லை என்றேன். அவள் எண்ணுகிறாள், விரலை நீட்டி ஒவ்வொருவராக. "ராம்நாட்ல எட்டு வந்துச்சே சார். நான் கேட்டேனே." நான்தான் சொன்னேன். "என்னது?" எட்டுன்னு நான்தாம்மா சொன்னேன். அவன் குரல்ல. பத்துப் பேரும் பெடலில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கிறார்கள், மழை மட்டும் கோட்டுகளில் பொரிகிறது. தாமரை என்னைப் பார்க்கிறாள். "பக்கத்துல இருந்தவளுக்கு உள்ளேன்னு சொன்னேன்னு ஒரு வாரம் என்னை வராந்தாவுல நிக்க வச்சீங்க சார்," என்கிறாள், கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு ஒரே மூச்சில், "நீங்க திரும்பிப் போங்க. போய் போன் பண்ணுங்க. நான் ஆட்டோ புடிச்சு பின்னாலயே அனுப்புறேன். நாங்க இங்கதான் நிப்போம்." பாலம்? யாரோ கேட்கிறார்கள். "வரிசை முடியாம எந்தப் பாலம்?" என்கிறாள்.

திரும்பிய உடனே காற்று முதுகில் கையை வைத்துத் தள்ளுகிறது. காலையிலிருந்து பதினொரு மணி நேரம் எதிர்த்தது எல்லாம் இப்போது எனக்குச் சாதகம், மிதிக்கவே வேண்டாம், முப்பதில் பறக்கிறது, முழங்கால் வலிக்கவில்லை, மழைகூட முகத்தில் அடிக்கவில்லை. இவ்வளவு சுகமாக இருப்பது அசிங்கமாக இருக்கிறது. உச்சிப்புளி போகிறது. ரயில்வே கேட் போகிறது. இடது ஓரம் பார், வலது ஓரம் பார், பள்ளத்தில் பார். மஞ்சளாக ஏதோ. உரச் சாக்கு. இன்னொரு மஞ்சள், கட்சிக் கொடி. பள்ளத்தில் தண்ணீர் இடுப்பளவு நிற்கிறது, அதில் மட்டும் மஞ்சள் தெரிந்துவிடக் கூடாது, தண்ணீரைப் பார்க்காதே, பார், பார்க்காதே. ஜொகராவிடம் போய் என்ன சொல்வது? எட்டு வந்ததும்மா, என் காதால் கேட்டேன் என்றா? "எட்டு!" என்று கத்துகிறேன். ஏன் பெயரைச் சொல்லிக் கத்தாமல் எண்ணைக் கத்துகிறேன்? தெரியவில்லை. "எட்டு!" பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மழை. இந்தத் தடவை நான் சொல்ல மாட்டேன்டா. நீதான் சொல்ல வேண்டும், மாப்ள, நீதான் சொல்ல வேண்டும்.

சாலை ஓரத்தில் ஒரு பேருந்து நிழற்குடை. வாசலில் சைக்கிள் கிடக்கிறது, முன்சக்கரம் காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே தரையில் சுவரோடு சாய்ந்து உதுமான், குல்லாய் போட்டபடியே, கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கிறது, ஆனால் ஆளை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் சேலையை முக்காடாக இழுத்துவிட்ட ஒரு அம்மா காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டிருக்கிறாள். "நீங்க இவுக கூட்டமா? ஒரு மணி நேரமா ஒக்காந்துருக்காக. பஸ்ஸ வேற விட்டுட்டேன், இப்படியே போட்டுட்டு எப்புடிப் போறது? டீ வாங்கியாந்தேன். சுகர் இருக்கு, சீனி போடாதீகன்னாக. அதேன் சீனி இல்லாமக் குடுத்தேன்." சீனி இல்லாமல். அட படுபாவி, சீனிக்காகச் செத்துக்கொண்டிருக்கும்போதும் கல்யாண வீட்டில் சொல்கிற அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறான், வாய்ப் பழக்கம், அவனுக்கும்தான். குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கிறேன், பாதி தரையில் கொட்டுகிறது, மீதியை அந்த டீயில் போட்டுக் கலக்கி அவன் உதட்டில் வைக்கிறேன். "போடா," என்கிறான், கையைத் தட்டுகிறான். பேச்சே வேணாம், திணிச்சிருங்க. தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊற்றுகிறேன். விழுங்கு. தொண்டை அசைகிறது. விழுங்கு. அந்த அம்மா தன் பாட்டுக்கு துஆ ஓதுகிறாள், நானும் என்னென்னவோ முணுமுணுக்கிறேன், எங்கள் ஊர்ச் சோணைச்சாமிக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். கால் மணி நேரம் என்பது இவ்வளவு நீளமா? கடலை மிட்டாயை உடைத்து உடைத்து வைக்கிறேன். ஒரு துண்டை அவனாக மென்றான். பிறகு கண்ணைச் சுருக்கி என் முகத்தை, பிறகு கூரையை, பிறகு மறுபடி என் முகத்தைப் பார்த்தான். "ராமேஸ்வரம் வந்துருச்சா மாப்ள?" என்றான். வந்துருச்சுடா என்றேன். அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை.

போன் அடிக்கிறது. தாமரை. இருக்கான்மா, தெளிஞ்சுட்டான் என்கிறேன். அந்தப் பக்கம் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுகிற சத்தம் காற்றையும் மீறிக் கேட்கிறது. "ஆட்டோ வந்துக்கிட்டு இருக்கு. பாலத்தை இப்பவே அடைச்சுட்டாங்களாம் சார், இன்னைக்கு அவ்வளவுதான். அத விடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க," என்கிறாள். போடுகிறேன். "வரிசை!" ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு எண்ணும் மழைக்குள்ளிருந்து கரகரவென்று வருகிறது. ஐந்து. ஆறு. ஏழு. இடைவெளி. உதட்டைப் பல்லால் கடித்துக்கொள்கிறேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். உதுமான் மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போன் பக்கம் குனிகிறான். "எட்டு." அவன் குரல், அவனுடைய சொந்தக் கட்டைக் குரல். இனி நான். வாயைத் திறக்கிறேன், ஒரு எழுத்து வெளியே வரவில்லை. மறுபடி திறக்கிறேன். காற்றுதான் வருகிறது. "என்ன ஆச்சு, யாரு நிக்குது?" தாமரை கேட்கிறாள். உதுமான் என்னை நிமிர்ந்து பார்க்கிறான். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மோவாயை நெஞ்சில் புதைத்து, தொண்டையை என்னைப் போலவே இரண்டு தடவை செருமி, "ஒன்பது" என்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பத்து என்கிறார்கள்.